டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுவிடும் மடிக்கணினி: முதலில் எதைப் பார்ப்பது?

ஐந்து ஆண்டுகள் பழைய மடிக்கணினி. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி நினைவகம், விண்டோஸ் 10. இயக்கியவுடன் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற கட்டம் 100 சதவீதத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் காத்திருந்தும் இறங்குவதில்லை, ஒரு கோப்புறையைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆகிறது. ஆனால் அதே திரையில் படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் விநாடிக்கு 1 மெகாபைட்டைக்கூடத் தொடுவதில்லை. தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டீர்கள், வைரஸ் சோதனை செய்துவிட்டீர்கள், யாரோ சொன்னதைக் கேட்டு சிஸ்மெயின் என்ற சேவையையும் நிறுத்திப் பார்த்துவிட்டீர்கள். இப்போது ஒருவர் ஃபார்மட் செய்யச் சொல்கிறார், இன்னொருவர் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி மாற்றச் சொல்கிறார். இரண்டில் எது சரி என்பது உங்கள் கேள்வி. எனக்கு அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது. இந்த டிஸ்க் நலமாக இருந்துகொண்டே வேலை மிகுதியால் திணறுகிறதா, அல்லது உள்ளுக்குள் பழுதாகிக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் முதல் நிலையில் பயன் தரும் வைத்தியங்கள் சில, இரண்டாவது நிலையில் இருக்கும் டிஸ்க்கை முடித்தே விடும். ஆகவே எதையும் சரிசெய்யப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இரண்டில் எது என்று என்னால் சொல்ல முடியாது. இருபது ஆண்டுகளாகக் கணினிப் பழுது பார்ப்பதே என் தொழில். இருந்தும் சொல்ல முடியாது. அதைச் சொல்லும் எண்கள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: திரும்பக் கிடைக்காத கோப்புகளை, அதாவது படங்கள், எழுதிய ஆவணங்கள், கணக்குகள் ஆகியவற்றை ஒரு பென் டிரைவிலோ வெளிப்புற டிஸ்க்கிலோ இன்றே நகல் எடுத்துவிடுங்கள். முழுக் கணினியையும் எடுக்க முயல வேண்டாம். பழுதாகும் டிஸ்க்கில் ஒவ்வொரு நிமிட ஓட்டத்துக்கும் விலை உண்டு. மிக முக்கியமான கோப்புறை முதலில், அடுத்தது அதற்குப் பிறகு. ஏதாவது ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்றுபோனால் அதோடு மல்லுக்கட்டாமல் அதைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்தக் கோப்பில் நின்றது என்பதைக் குறித்து வையுங்கள். பிறகு அது நமக்கு ஒரு தடயம்.

இப்போது அந்த 100 என்ற எண்ணுக்கு வருகிறேன். பலரும் அதை 'டிஸ்க் தன் முழு வேகத்தில் ஓடுகிறது' என்று படிக்கிறார்கள். உண்மையில் அது நேரக் கணக்கு. கடந்த ஒரு விநாடியில் எவ்வளவு நேரம் டிஸ்க்கின் கையில் முடிக்காத வேலை ஏதாவது ஒன்று இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு தரவு நகர்ந்தது என்பது அதில் வராது. ஒரே ஒரு கோப்பின் ஒரே ஒரு துண்டைப் படிக்க முடியாமல் ஒரு விநாடி முழுக்கப் போராடினாலும் 100தான். ஆயிரம் துண்டுகளைப் படித்துக் கொடுத்தாலும் 100தான்.

வேகம் 1 மெகாபைட்டுக்கும் கீழே இருப்பதைக் கண்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்பவை. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. வேண்டிய இடம், தரவைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லிவிநாடி. இரண்டையும் கூட்டினால், சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் 17, 18 மில்லிவிநாடி ஆகிறது. விநாடிக்கு ஐம்பது, அறுபது துண்டுகள்தான் முடியும். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்குக் கால் மெகாபைட் கூட வராது. அதே டிஸ்க்கில் ஒரு பெரிய திரைப்படக் கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் விநாடிக்கு 100 மெகாபைட் அளவுக்குக் கொடுக்கும். விண்டோஸ் தொடங்கும்போது நடப்பது முதல் வகை வேலை. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், ஆளுக்கொரு மூலையில். ஆகவே முழு ஆரோக்கியமான ஹார்ட் டிஸ்க்கும் தொடக்கத்தில் 100 சதவீதம், அரை மெகாபைட் என்று காட்டத்தான் செய்யும். அது எப்போது அடங்குகிறது என்பதும், ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு காத்திருப்பு ஆகிறது என்பதும்தான் நமக்கு வேண்டியவை.

அந்தக் காத்திருப்பைப் பார்க்க, தொடக்கப் பட்டியலின் தேடல் பெட்டியில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று ஆங்கிலத்தில் தட்டித் திறந்து, டிஸ்க் என்ற தாவலுக்குப் போங்கள். அங்கே டிஸ்க் ஆக்டிவிட்டி என்ற பகுதியில் எந்த நிரல், எந்தக் கோப்பை, எவ்வளவு வேகத்தில் தொடுகிறது என்று வரிசையாக ஓடும். கடைசிப் பக்கத்தில் ரெஸ்பான்ஸ் டைம் என்ற நெடுவரிசை இருக்கிறது; அது மில்லிவிநாடியில் இருக்கும். அதன் தலைப்பைச் சொடுக்கினால் பெரிய எண் மேலே வரும். நலமான ஹார்ட் டிஸ்க்கில், வேலை குறைவாக இருக்கும்போது அது 10, 20 என்று நிற்கும். பத்துப் பதினைந்து கோரிக்கைகள் வரிசையில் நின்றால் ஒவ்வொன்றும் முன்னால் நிற்பவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்போது 200, 300 வரை ஏறுவது இயல்பு. ஏற்ற இறக்கம் இருந்துகொண்டே இருக்கும். அதற்கு நான் பயப்பட மாட்டேன். ஆனால் பட்டியலில் இரண்டு மூன்று வரிகள்தான் ஓடுகின்றன, அவற்றில் ஒன்று 3,000, 5,000 என்று காட்டுகிறது, அதுவும் திரும்பத் திரும்ப என்றால் நிலைமை வேறு. வரிசையே இல்லாதபோது ஒரு துண்டுக்கு ஐந்து விநாடி எடுக்கிற டிஸ்க், அந்த இடத்தைப் படிக்க முடியாமல் உள்ளுக்குள் மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

காதும் உதவும். அறையை அமைதியாக்கிவிட்டு, விசைப்பலகைக்குக் கீழே கை வைக்கும் பகுதியில், டிஸ்க் இருக்கும் பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். வேலை மிகுந்த டிஸ்க்கின் ஒலி ஒழுங்கற்று இருக்கும், அரிசி பொரிவதைப்போல. பழுதான இடத்தில் மாட்டிக்கொண்ட டிஸ்க்கில் ஒரே ஒலி ஒரே இடைவெளியில் வரும்: டக், சிறு அமைதி, மறுபடியும் டக். தலை தன் தொடக்க இடத்துக்குப் போய்த் திரும்பி வந்து முயலும் ஒலி அது. எல்லாப் பழுதும் ஒலி எழுப்புவதில்லை; ஒலி இல்லை என்பதால் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒலி விடாமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

ஓர் ஆய்வு மாணவியின் கணினி இப்படித்தான் என்னிடம் வந்தது. 100 சதவீதம் என்ற அதே குறை. இரண்டு மாதத்தில் இரண்டு முறை விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடியதாம், பிறகு பழையபடியே. ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தால் ஓடுவது இரண்டே வரிகள், அதில் ஒன்றின் எண் 9,000ஐத் தாண்டி நிற்கிறது. கையை வைத்தால் டக் என்ற அடி விரலுக்கே தெரிகிறது. வேறு எதையும் தொடாமல் ஆய்வேட்டுக் கோப்புறையை மட்டும் வெளியே எடுத்தோம். 2 ஜிபிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. ஆய்வேடு முழுதாக வந்தது; களத்தில் எடுத்த படங்களில் சில வரவில்லை. மறுநாள் காலையில் அந்த டிஸ்க் கணினிக்கே தெரியவில்லை. அந்த இரண்டு முறை நிறுவலில் ஒரு முறையாவது டிஸ்க்கின் நலத்தைப் பார்த்திருந்தால், எல்லாப் படங்களும் கிடைத்திருக்கும். ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டாலே நான் தயங்குவது இதனால்தான்.

அந்த ஒரு வார நலம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலரை ஏமாற்றுவது அதுதான். விரைவு ஃபார்மட் என்பது கோப்புப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறதே தவிர, டிஸ்க்கின் பரப்பைத் தொடுவதில்லை. புதிய விண்டோஸ் வேறு இடங்களில் உட்காருகிறது. பழுதான இடம் மேல் எதுவும் விழாத வரை எல்லாம் சுகமாக ஓடும். நாள் போகப் போகக் கோப்புகள் பெருகி அந்த இடத்தைத் தொடும்போது பழைய நோய் திரும்புகிறது. 'ஃபார்மட் செய்தவுடன் சரியாகிவிட்டது, ஆகவே மென்பொருள் கோளாறுதான்' என்ற முடிவு அதனால் நம்பத்தக்கது அல்ல.

அடுத்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பைப் படிக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரல் போதும். மேலே நீல நிறத்தில் நலம் என்றோ மஞ்சளில் எச்சரிக்கை என்றோ காட்டும்; அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கீழே உள்ள பட்டியலில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்ற வரி, கெட்டுப்போனதால் ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுக்கப்பட்ட பிரிவுகளின் (டிஸ்க்கில் தரவு எழுதப்படும் சிறு துண்டுகளின்) எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் திணறி, இன்னும் முடிவு செய்யாமல் நிறுத்தி வைத்திருக்கும் பிரிவுகள். சி6 என்பது சோதனையில் மீட்க முடியாதவை என்று தெரிந்தவை. சி7 மட்டும் வேறு வகை. அது டிஸ்க்குக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே தரவு சிதைந்த கணக்கு. அது ஏறிக்கொண்டே இருந்தால் கேபிளையோ இணைப்பையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க் நலமாகவே இருக்கலாம். கடைசி நெடுவரிசையில் உள்ள எண்கள் வழக்கமாகப் பதினாறடிமான முறையில் இருக்கும். அங்கே 10 என்று இருந்தால் நம் கணக்கில் அது 16. அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில், உங்கள் குறையோடு ஒத்துப்போவது சி5தான். அது பூச்சியமாக இல்லாமல், டிஸ்க்கும் விநாடிக்கணக்கில் காத்திருக்க வைத்தால், மேற்கொண்டு எந்தச் சேவையையும் நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. அந்த டிஸ்க்கை மாற்ற வேண்டியதுதான். 05இல் ஒரு சிறு எண் மட்டும் இருந்து, மாதக்கணக்கில் மாறாமல் நின்றால் அவ்வளவு அவசரமில்லை. அப்படிப்பட்ட டிஸ்க் ஆண்டுக்கணக்கில் ஓடியதையும் பார்த்திருக்கிறேன். எண் வளர்கிறதா என்பதே கேள்வி. எல்லா வரியும் பூச்சியம் என்றால்? அது நல்ல அறிகுறி, ஆனால் உறுதிச் சான்று ஆகாது. குறிப்பில் ஒரு கறையும் இல்லாமல் திடீரென்று செத்துப்போன டிஸ்க்குகளும் உண்டு. அதனால்தான், விண்டோஸ் கண்ட கோளாறுகளின் பதிவேட்டைக் காட்டும் ஈவண்ட் வியூவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். அதில் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். மூலம் டிஸ்க் என்றும் எண் 7 என்றும் இருந்தால் பழுதான பிரிவு. எண் 153 என்றால் ஒரு வேலையை மறுபடி முயல வேண்டி வந்தது. எண் 129 என்றால் டிஸ்க் பதில் சொல்லாததால் விண்டோஸ் அதை மீளத் தொடங்கவைத்தது. ஒன்றிரண்டு பழைய பதிவுகளுக்குப் பொருள் இல்லை. கணினி உறைந்து நின்ற அதே நேரத்தில் நாள்தோறும் இவை விழுந்திருந்தால் பொருள் உண்டு.

129 மட்டும் ஏராளமாக விழுந்து, ஸ்மார்ட் குறிப்பு சுத்தமாக இருக்கும் ஒரு தனி வகை உண்டு. டிஸ்க்கோடு பேசும் சில ஏஹெச்சிஐ கட்டுப்படுத்திகளின் உள்மென்பொருளில் (ஃபர்ம்வேர்) இருந்த பிழையால், விண்டோஸோடு வரும் ஸ்டோர் ஏஹெச்சிஐ என்ற இயக்கியோடு (டிரைவர்) அவை சரியாக ஒத்துப்போகாமல், வேலையே நடக்காதபோதும் 100 சதவீதம் காட்டின. விண்டோஸின் உள் அமைப்புகள் பதியப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரியில், சாதனம் செயலிக்குத் தகவல் சொல்லும் ஒரு வழியான எம்எஸ்ஐ முறையை மைக்ரோசாஃப்டே அணைக்கும் வழியைச் சொல்லியிருந்தது. இணையத்தில் இந்தத் தீர்வு எல்லாக் கணினிக்கும் பொதுவானதுபோலச் சுற்றுகிறது, அப்படி அல்ல. 129 இல்லாதவர்களுக்கு அதனால் பயன் கிடையாது. இருப்பவர்களும் முதலில் தாய்ப்பலகையின் உள்மென்பொருளான பயாஸையும், எஸ்எஸ்டி என்றால் அதன் உள்மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு அதன் பிறகே ரெஜிஸ்ட்ரியைத் தொடுவது நல்லது.

இந்தச் சோதனைகள் முடியும் வரை ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: செக்டிஸ்க் கட்டளையை ஆர் என்ற தேர்வோடு ஓட்டுவது. அது டிஸ்க்கின் ஒவ்வொரு பிரிவையும் படித்துப் பார்க்கும். நலமான டிஸ்க்குக்கு அது மணிக்கணக்கான ஒரு வேலை. சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி வேலையாகிவிடலாம். நகல் எடுத்த பிறகு ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை.

இனி, எண்கள் எல்லாம் சுத்தம், காத்திருப்பும் இயல்பு, ஆனால் 100 மட்டும் இறங்கவில்லை என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் விவரத்தில் என் கண்ணை முதலில் இழுத்தது 4 ஜிபி நினைவகம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் கட்டத்தைப் பார்க்கும் பலர் பக்கத்திலிருக்கும் மெமரி கட்டத்தைப் பார்ப்பதில்லை. அது 85, 90 சதவீதத்தில் நின்றால், குற்றவாளி டிஸ்க் அல்ல. இடம் போதாமல் விண்டோஸ் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைல் என்ற கோப்புக்கு இறக்குகிறது, வேண்டும்போது மறுபடி ஏற்றுகிறது. மேலே சொன்ன கணக்கின்படி ஒவ்வொரு துண்டுக்கும் 17, 18 மில்லிவிநாடி எடுக்கும் டிஸ்க் இந்த வேலைக்குச் சற்றும் பொருத்தமில்லாதது. ரிசோர்ஸ் மானிட்டரின் டிஸ்க் பட்டியலில் சிஸ்டம் என்ற பெயரோடு பேஜ்ஃபைல் என்ற கோப்பு அடிக்கடி மேலே வந்தால் இதுதான் நடக்கிறது. மெமரி தாவலில் ஹார்ட் ஃபால்ட்ஸ் என்ற எண்ணையும் பார்க்கலாம். ஒரு நிரலைப் புதிதாகத் திறக்கும்போது அது துள்ளுவது இயல்பு, நீங்கள் சும்மா இருக்கும்போதும் நூற்றுக்கணக்கில் ஓடினால்தான் பற்றாக்குறை. உலாவியில் இருபது பக்கங்களைத் திறந்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதை ஐந்தாகக் குறைத்துவிட்டு டிஸ்க் கட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் சந்தேகம் தீர்ந்தது. சில பக்கங்களில் பேஜ்ஃபைலையே அணைத்துவிடச் சொல்வார்கள். 4 ஜிபி கணினியில் அப்படிச் செய்தால் மெதுவாக ஓடிய நிரல்கள் இடமில்லாமல் விழுந்தே போகும்.

நினைவகம் போதுமானதாக இருந்தும் 100 என்றால், யார் படிக்கிறார்கள் என்பதைப் பெயரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள் என்றால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் சோதனை நடக்கிறது. விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர் என்றால் புதுப்பிப்பு. சர்ச் இண்டெக்ஸர் என்றால் தேடலுக்கான அட்டவணை. கம்பாட்டிபிலிட்டி டெலிமெட்ரி, ஒன்டிரைவ் ஆகியவையும் அவ்வப்போது வரும். இவை எல்லாமே ஒரு நாள் முடிய வேண்டிய வேலைகள். முடியாமல் போவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் எளியது. கணினி மெதுவாக ஓடுகிறதே என்று எரிச்சலில் அணைத்துவிடுகிறார்கள். பாதியில் நின்ற வேலை மறுநாள் காலையில் முதலிலிருந்தோ விட்ட இடத்திலிருந்தோ மறுபடி தொடங்குகிறது. மறுபடி எரிச்சல், மறுபடி அணைப்பு. டிஸ்க் நலம் என்று உறுதியானபின் ஒரே ஓர் இரவு மின்னிணைப்பில் போட்டு, உறங்கிப்போகும் அமைப்பை நிறுத்திவிட்டு, திரையை மட்டும் அணைத்து விட்டுவிடுங்கள். காலையில் அப்டேட் பகுதிக்குப் போய் மிச்சம் இருப்பதை முடித்துவிட்டு, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 8 முதல் வரும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியூ பகுதியில் அப் டைம் என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் இரவில் அணைப்பவர்களின் கணினியிலும் அது 20 நாள், 30 நாள் என்று இருப்பதைக் காண்பீர்கள்.

டிஃபெண்டரோடு இன்னொரு வைரஸ் தடுப்பு நிரலும் இருந்து, இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதித்தால் பழைய ஹார்ட் டிஸ்க் தாங்காது, ஒன்றை நீக்குங்கள். கணினியை வேகப்படுத்துவதாகவும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகவும் சொல்லும் நிரல்கள் இருந்தால் அவற்றையும் நீக்குங்கள். அவை தாமே பின்னணியில் ஓடி டிஸ்க்கைத் தொடுபவை. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவலில் நீங்கள் தினமும் பயன்படுத்தாதவற்றை அணைத்துவிடுங்கள்.

சிஸ்மெயின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது அதில்தான். பழைய பெயர் சூப்பர்ஃபெட்ச். நீங்கள் எந்த நிரலை எப்போது திறக்கிறீர்கள் என்று கவனித்து, அவற்றை முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றி வைப்பது அதன் வேலை. அது டிஸ்க்கைப் படிக்கும் என்பது உறுதி. அதை நிறுத்தினால் உங்கள் குறை தீருமா என்பது உறுதியில்லை. நினைவகம் குறைந்த, ஹார்ட் டிஸ்க் உள்ள சில கணினிகளில் தொடக்கத் திணறல் கண்ணுக்குத் தெரியக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு சிலவற்றில் எந்த மாற்றமும் இல்லாமல், நிரல்கள் திறப்பது மட்டும் முன்னைவிடத் தாமதமானது. இரண்டு நாள் நிறுத்திப் பார்த்துப் பயன் இல்லையென்றால் மறுபடி இயக்கிவிடுவதே நேர்மையான வழி. நீங்கள் நிறுத்தியும் மாற்றம் இல்லை என்கிறீர்கள், இயக்கிவிடுங்கள். விண்டோஸ் சர்ச்சை முழுக்க அணைக்காமல், அட்டவணையில் எந்தக் கோப்புறைகள் இடம்பெற வேண்டும் என்பதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

நலமான டிஸ்க்கிலும் எழுதும்போது மட்டும் வரும் ஒரு திணறல் உண்டு. அண்மை ஆண்டுகளில் வந்த 1 டெராபைட், 2 டெராபைட் மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களை ஓடு வேய்வதைப்போல ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி எழுதுகிறார்கள். குறைந்த பரப்பில் நிறையத் தரவு கொள்ளும். ஆனால் நடுவில் ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருப்பவற்றையும் மறுபடி எழுத வேண்டும். பெரிய புதுப்பிப்பு ஒன்று நிறுவப்படும்போது முதலில் வேகமாகத் தொடங்கி, பிறகு விநாடிக்குச் சில மெகாபைட்டுக்கு விழுந்து, நீண்ட நேரம் 100இல் நிற்பது இந்த வகையின் இயல்பு. நகலெடுத்து முடிந்த பிறகும் சிறிது நேரம் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை.

ஆக, உங்கள் இரண்டு நண்பர்களில் எஸ்எஸ்டி மாற்றச் சொன்னவர் பக்கம்தான் நான் நிற்பேன், டிஸ்க் நலமாக இருந்தாலும்கூட. சிதறிய துண்டு ஒன்றைப் படிக்க ஹார்ட் டிஸ்க் எடுக்கும் 17, 18 மில்லிவிநாடி, சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் வரும் சாதாரண எஸ்எஸ்டியிலும் 0.1 மில்லிவிநாடி அளவுக்கு இறங்குகிறது. இது நூறு மடங்குக்கும் மேல். நான் சொன்ன அத்தனை அமைப்பு மாற்றங்களையும் சேர்த்தாலும் இதன் பக்கத்தில் வராது. தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் 550 மெகாபைட்டா 3,500 மெகாபைட்டா என்ற விளம்பர எண்களுக்காக உங்கள் கணினிக்கு மேலும் செலவழிக்க வேண்டியதில்லை. வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள். இரண்டரை அங்குல டிஸ்க் என்றால் 7 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை இருந்தால் அது சாட்டா வகையை ஏற்பதா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையை ஏற்பதா என்று கணினியின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். வடிவம் பொருந்தியும் வேலை செய்யாமல் போவது இங்கேதான். கூடவே 4 ஜிபியை 8 ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். ஒன்றுக்குத்தான் வசதி என்றால் எஸ்எஸ்டி முதலில்.

மாற்றும்போது இரண்டு செய்திகள் நினைவில் இருக்கட்டும். சி5இல் எண் இருந்தால் பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய, அதாவது முழுதாகப் பிரதி எடுக்க வேண்டாம். சாதாரண குளோன் நிரல் பழுதான இடத்தில் மாட்டி நின்றுவிடும், நடுவில் டிஸ்க்கும் போய்விடலாம். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 10இன் டிஜிட்டல் உரிமம் தாய்ப்பலகையோடு கட்டப்பட்டது, டிஸ்க் மாறினாலும் இணையத்தில் இணைந்தவுடன் தானே செயல்படும். இரண்டாவது, டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கரோ சாதனக் குறியாக்கமோ இயங்குகிறதா என்று பார்த்து, 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கழற்றிய டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டினால் உள்ளே இருப்பது யாருக்கும் திறக்காது.

இதே குறையோடு எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், அவர்களுக்கு ஒரு சொல். டாஸ்க் மேனேஜரில் சராசரிக் காத்திருப்பு ஓரிரு மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நூற்றுக்கணக்கில் காட்டினால், முதலில் காலி இடத்தைப் பாருங்கள். நிரம்பி வழியும் எஸ்எஸ்டிக்கு எழுதுவது கடினம். ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டுப் பாருங்கள். 32 அல்லது 64 ஜிபி மட்டும் உள்ள மலிவான கணினிகளில் இருப்பது பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைத்த இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்புச் சில்லு. அதை மாற்றவும் முடியாது, அதிகம் எதிர்பார்க்கவும் முடியாது.

உங்களுக்கு இன்றைய வேலை இவ்வளவுதான்: நகல், அதன் பிறகு ரிசோர்ஸ் மானிட்டர், அதன் பிறகு ஸ்மார்ட் குறிப்பு. கணினியை இயக்கி இருபது நிமிடம் கழித்து, எந்த நிரலையும் திறக்காமல், ரெஸ்பான்ஸ் டைம் நெடுவரிசையின் முதல் ஐந்து வரிகளையும் அவற்றில் உள்ள கோப்புப் பெயர்களையும், மெமரி கட்டத்தின் சதவீதத்தையும், 05, சி5, சி6, சி7 வரிகளின் எண்களையும் இங்கே எழுதுங்கள். நகலெடுக்கும்போது எந்தக் கோப்பிலாவது நின்றிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். இவை கையில் இருந்தால், டிஸ்க்கை இந்த வாரமே கழற்ற வேண்டுமா, பொறுமையாக மாற்றிக்கொள்ளலாமா என்பதை என்னால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.